தையலுக்குப் பின்

மேச்சேரியில் கோயில் கொண்டிருப்பவள் பத்ரகாளி. அந்தப் பெயரைச் சொன்னதும் தக்கன் கதை நினைவுக்கு வரும். யாகம் அழிகிறது, தக்கன் தலை போகிறது, ஆட்டுத்தலையை வைத்து உயிர் கொடுக்கிறார்கள். மாரியம்மன் கதையிலும் தலை ஒருத்தியுடையது, உடல் வேறொருத்தியுடையது. 'ஒட்ட வெச்சாச்சு, எந்திரிச்சாச்சு' என்று கதை முடிந்துவிடும். அந்தத் தலையை இந்த உடல் ஏற்றுக்கொண்டதா என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுக் கை, மாற்று முகம் பற்றிய மருத்துவப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கை என்பது தோல், தசை, எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டு. இதில் உடம்பு மிகக் கடுமையாக எதிர்ப்பது தோலை. 'நான்', 'பிறன்' என்று பிரித்துப் பார்க்கும் எதிர்ப்புச் சக்தி, பிறனை மன்னிப்பதில்லை. மாத்திரைகள் அதை மனம் மாற்றுவதும் இல்லை. காவலாளியை அரைத்தூக்கத்தில் வைக்கின்றன, அவ்வளவுதான். தினமும், ஆயுள் முழுக்க. விலையாகத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கேடு, புற்றுநோய் வரலாம்.

1998இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு நியூசிலாந்துக்காரருக்குக் கை பொருத்தினார்கள். அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை; அந்தக் கை தன்னுடையது என்ற உணர்வும் வரவில்லை. 2001இல் அவரே கேட்டு அதை வெட்டி எடுக்கச் செய்தார். முகத்தில் அதுவும் சுலபமில்லை. அதே நாட்டில் மாற்றுமுகம் கெட்டுப்போன ஒருவர், 2018இல் இரண்டாவது முகம் கிடைக்கும்வரை இரண்டு மாதம் முகமின்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வெற்றிகளும் உண்டு. 2015இல் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இருகை மாற்று நடந்தது. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கிக் கைகளை இழந்த திண்டுக்கல் மாவட்டக் கொத்தனாருக்கு இரு கைகள் பொருத்தப்பட்டன. கை இல்லாமலும் உயிர் வாழலாம், அதற்காக இவ்வளவு ஆபத்தா என்று கேட்பவர்கள் உண்டு. சோற்றைப் பிசைந்து தானே உண்ண முடியாதவனிடம் போய் அதைக் கேட்க வேண்டும். கொத்தனாருக்குக் கை உறுப்பு மட்டுமல்ல, கூலியும்கூட.

ஆனால் பொருத்திய அன்று அது கை அல்ல. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முன்கை நடுவிலிருந்து விரல்நுனிக்குச் சூடும் குளிரும் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை தினமும் பயிற்சி. கொடுப்பவர் பக்கமும் இருக்கிறது: சிறுநீரகம் எடுத்தால் வெளியே தெரியாது, கை எடுத்தால் பாடையில் தெரியும். செயற்கைக் கை பொருத்தித்தான் உடலை ஒப்படைக்கிறார்கள்.

பத்திரிகைகள் தையலைக் கொண்டாடுகின்றன. தையல் ஒரு நாள் வேலை. மேச்சேரியிலிருந்து ஒருவர் ரத்தச் சோதனைக்கும் மாத்திரைக்கும் சென்னைக்குப் பஸ் ஏறுவதென்றால் ஒரு நாள் கூலி போகும், கூட வருகிறவர் கூலியும் போகும். பத்து வருஷம் கழித்து அந்தப் பஸ் சார்ஜை யார் கொடுப்பது? இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வியைக் கடைசியில் தீர்மானிப்பது அதுவாகவும் இருக்கலாம்.