கையில் எடுத்ததும் போனில் சிக்னல் குறைவது ஏன்?

மேசையில் இருக்கும்போது நான்கு கோடு காட்டும் போன், கையில் இறுகப் பிடித்ததும் இரண்டு கோட்டுக்கு இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? டவர் நகரவில்லை. குறுக்கே வந்தது உங்கள் கைதான்.

போனின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அதன் விளிம்புகளில் இருக்கின்றன. டவரிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிப்பதும், உங்கள் குரலை அலையாக அனுப்புவதும் அவற்றின் வேலை. கை அதை எப்படிக் கெடுக்கிறது?

முதலில், சுருதி கலைகிறது. மீட்டிய வீணைத் தந்தியை விரலால் தொட்டால் என்ன ஆகும்? சுருதி மாறும், நாதம் மங்கும். ஆன்டெனாவும் குறிப்பிட்ட அலைவரிசைக்குச் சுருதி சேர்க்கப்பட்டதுதான். விரல் நெருங்கியதும் அந்தச் சுருதி விலகிப் போகிறது.

அடுத்து, உடல் அலையை விழுங்குகிறது. நம் திசுக்களில் பெரும்பகுதி உப்பு கலந்த நீர். அது அலையின் ஆற்றலை உறிஞ்சி, சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. காதோடு ஒட்டிப் பேசினால் தலையும் உறிஞ்சும்.

2010-ல் வந்த ஐபோன் 4 இதற்கு நல்ல சான்று. அதன் எஃகுச் சட்டமே ஆன்டெனா. கீழ் இடது மூலையில் இருந்த சிறு இடைவெளியைக் கை மூடியதும் சிக்னல் சரிந்தது. ஆப்பிள் இலவசமாக உறை கொடுத்தது. தோல் உலோகத்தில் படாமல் உறை தடுத்ததால் பிரச்சினை குறைந்தது.

சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் ஆற்றலோடு அலையை அனுப்பும். பேட்டரி சீக்கிரம் தீரும். ஆகவே, சிக்னல் மோசமான இடத்தில் போனைத் தளர்வாகப் பிடியுங்கள். முடிந்தால் ஸ்பீக்கரில் பேசுங்கள்.