இரவு நேர நெஞ்செரிச்சல்

ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடுகிறது. அதன்பின் ரொட்டி சானாய், தே தாரேக், உடனே படுக்கை. நெஞ்செரிச்சல் மாதக்கணக்கில் விடாமல் இருக்க இதுவே போதும்.

உணவுக்குழாயின் அடியில் கதவு போல ஒரு தசை வளையம் உண்டு. வயிறு நிறைந்து படுத்திருக்கையில் அது தளர்ந்தால் அமிலம் மேலேறும். கொழுப்பும் சிகரெட்டும் அதைத் தளர்த்தும். தொந்தியோ கீழிருந்து அழுத்தும். மலாயா பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2004), அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டவர்கள் இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டனர்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். வேலை முடிந்ததும், பஸ் ஏறுமுன் அங்கேயே சாப்பிட்டுவிடுவது முடிகிற காரியம்தான். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆறு அங்குலக் கட்டை வைக்கலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தமே கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. பால் சற்று நேரம்தான் தணிக்கும்.

விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் கைவைத்தியத்தை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் இருதயக் கோளாறாக இருக்கலாம்; உடனே 999.