மேசைக்கு இந்தப் பக்கம் – 7: டாக்டரிடம் வாய் திறக்கலாம்

ஈப்போவிலிருந்து லஹாட்டைத் தாண்டிப் பூசிங் போகும் வழியில் பாப்பான் இருக்கிறது. ஈயத் தொழில் ஓய்ந்தபின் ஆள் குறைந்துபோன ஊர். அதன் பிரதான வீதியில் 74-ஆம் எண் கடைவீட்டில், ஜப்பான்காரன் காலத்தில், டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவும் அவர் மனைவி சிபில் கார்த்திகேசுவும் கிளினிக் நடத்தினார்கள். அதற்கு முன் அவர்கள் கிளினிக் ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், இருந்தது. சிபில் தாதி, மருத்துவச்சி; கந்தோனீஸ் சரளமாகப் பேசுவார். பகலில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். இருட்டியபின் காட்டிலிருந்து ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் வந்து, காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு போனார்கள்.

1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் சிபிலைப் பிடித்துக்கொண்டுபோனது. யார் வந்தார்கள், எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நடக்க முடியாமல் போகும்வரை அடித்தார்கள். சின்ன மகள் டோனைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. போர் முடிந்தபின் பிரிட்டனில் சிகிச்சை பெற்றார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948 ஜூனில் அந்தக் காயங்களின் விளைவாலேயே இறந்தார். ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

நோயாளியின் ரகசியம் என்று பேசும்போது பேராக் மாநிலத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. உயிர் போகிற நேரத்திலும் காக்கப்பட்ட அந்த ரகசியம் இன்று கிளினிக் கவுண்டரில் சாதாரணமாக நழுவிவிடுகிறது. பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, "ஆன்ட்டி, மூலத்துக்குக் குடுத்த மருந்து முடிஞ்சிருச்சா? இன்னும் ரத்தம் போகுதா?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வரும். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொள்வார். "உள்ளே டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்மா" என்று அவர் சொன்னால், அதை மீறிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. முதலாளிக்கும் அப்படித்தான். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சான்றிதழில் எத்தனை நாள் ஓய்வு என்பது போதும். என்ன நோய் என்று கம்பெனிக்குச் சொல்ல நோயாளியின் சம்மதம் வேண்டும்.

தலையைக் குனிகிற இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சுங்கை சிப்புட், சித்தியவான், தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வைத்தியம் என்றால் டிரெஸ்ஸர்தான். பின்னாளில் எச்.ஏ. (மருத்துவமனை உதவியாளர்) என்றார்கள். 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்ட முதலாளிகள்மேல் மருத்துவப் பொறுப்பைச் சுமத்தியது. ஆனால் மருந்து கொடுத்தவரும் தோட்டத்துச் சம்பளக்காரர். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவருக்கு நிஜமாகவே காய்ச்சலா, பாசாங்கா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அந்தத் தீர்ப்பைப் பொறுத்துத்தான் அன்றைய கூலி. அப்படிப்பட்டவரிடம் "இது என்ன மருந்துங்கய்யா?" என்று யார் கேட்பார்கள்? நல்ல டிரெஸ்ஸர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நடுராத்திரியில் லயத்துக்கு ஓடிவந்து பிரசவம் பார்த்தவர்களும் உண்டு. குற்றம் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்பும் வந்தது. ஜனங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டின் தாமான்களுக்கும் பெயர்ந்தார்கள். பழக்கமும் மூட்டையோடு வந்தது. இன்றும் பல வீடுகளில் மருந்துக்குப் பெயர் "வெள்ளை மாத்திரை", "பிரஷருக்குக் குடுத்த சின்ன மாத்திரை" என்பதுதான். அந்த நோயாளி மயங்கி விழுந்து ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால், வெள்ளை மாத்திரை என்ற தகவலை வைத்துக்கொண்டு அங்குள்ள டாக்டர் எதைக் கண்டுபிடிப்பார்?

தனியார் கிளினிக்குகளைக் கட்டுப்படுத்தும் 586-ஆவது சட்டம் 1998-இல் நிறைவேறி, 2006 மே 1-இல் அமலுக்கு வந்தது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கிளினிக் நடத்த முடியாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலுதவி தர வேண்டும். பர்சைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. புகாரைக் கேட்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். மருந்துப் பொட்டலத்தில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் அளவு இருக்க வேண்டும். மருந்தை அங்கேயே வாங்கியாக வேண்டும் என்பதும் இல்லை. சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு ஃபார்மசிக்குப் போகலாம்.

2025 மே 1 முதல் மருந்து விலையை வெளியே காட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. அதை எதிர்த்து மே 6-ஆம் தேதி டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். அவர்கள் மனக்குறையிலும் நியாயம் உண்டு. அந்தச் சட்டத்தின் 2006 விதிகள் அவர்களின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் கட்டிப்போட்டிருந்தன; வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் மருந்து லாபத்தில்தான் பலர் சமாளித்தார்கள். ஆனாலும் 90 ரிங்கிட் பில்லில் மருந்துக்கு எவ்வளவு, பார்த்ததற்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது பணம் கட்டுகிறவரின் உரிமைதான். டாக்டரின் கட்டணப் பிரச்சினையை மருந்து விலையை இருட்டில் வைத்துத் தீர்க்க முடியாது.

சிகிச்சையின் ஆபத்தை விளக்கும் கடமைக்கு ஃபூ ஃபியோ நா வழக்கு முக்கியம். 1982-இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்ட பெண், அறுவைச் சிகிச்சைக்குப்பின் முடங்கிப்போனார். 2006 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைத்தது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மற்ற டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. முடிவெடுக்கப்போகிற நோயாளிக்கு எது முக்கியமோ, அதைச் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு.

நோயாளியின் பக்கமும் கணக்கு இருக்கிறது. மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த ஜாமு குளிகை சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கிறவர்கள் ஏராளம். பதிவில்லாத இந்தக் குளிகைகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வலி சட்டென்று பறந்துபோகும்; சர்க்கரை ஏறும். டாக்டருக்கோ காரணம் புரியாது, மருந்தைக் கூட்டுவார். மறைத்தவர் உடம்புதான் அடி வாங்கும். சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று அடம்பிடிப்பதும், திங்கட்கிழமை காலையில் நோயே இல்லாமல் எம்.சி. கேட்பதும் இதே வகை. வேலைச் சட்டம் வருடத்துக்கு 14 முதல் 22 நாள் மருத்துவ விடுப்பு தருவது நோய்க்காக; பொய் எம்.சி. எழுதுகிற டாக்டர் மருத்துவ மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குறை இருந்தால் முதலில் அந்த டாக்டரிடமே சொல்லலாம். பெரும்பாலான மனத்தாங்கல் அங்கேயே தீரும். தீராவிட்டால், கட்டணம், பதிவு, கிளினிக் நடைமுறை பற்றிய புகார்கள் ஈப்போ ஜாலான் பங்லிமா புக்கிட் கந்தாங் வஹாப்பில் உள்ள மாநிலச் சுகாதார இலாகாவுக்குப் போகும். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். பில், மருந்துப் பொட்டலம், போன தேதி, நேரம் எல்லாம் கையில் இருக்கட்டும். மருத்துவ அறிக்கை கேட்டு வாங்குவது எப்படி, அதற்கு எவ்வளவு கட்டணம் கேட்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.