விரைவு வண்டியில் முதற் பாடம்

1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியிலே, நாட்டுப்புற வீதியொன்றில் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவ்விடத்தில் வீதி பள்ளமாக இறங்கி ஏறியமையால், முன்னே துவிச்சக்கர வண்டிகளிற் சென்ற இரு சிறுவர்களை அவர் உரிய நேரத்திற் காணவில்லை. கண்டதும் அவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பினார். வண்டி கட்டுமீறியது, அவர் தூக்கி எறியப்பட்டார், ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவர்தாம் 'அராபியாவின் லோரன்ஸ்' என உலகறிந்த தோமஸ் எட்வேர்ட் லோரன்ஸ். வயது 46. அக்காலத்துச் சிறந்த விரைவு வண்டிகளாகிய புரூ சுப்பீரியர் வண்டிகளைப் பல்லாண்டுகள் ஓட்டிப் பழகியவர். அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டிற் பிரித்தானியப் படையின் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. இன்று இலங்கையில் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கட்டாயமாக அணியும் கவசத்தின் வரலாற்றில் அந்த ஆய்வுக்குச் சிறந்த இடமுண்டு.

கைதேர்ந்த ஒருவருக்கே இந்நிலை என்றால், முதன்முதலாக விரைவு வண்டியில் ஏறும் இளைஞனின் நிலை என்ன? இக்காலத்து இளைஞர் 'ஸ்போர்ட்ஸ் பைக்' என்று அழைக்கும் வண்டியைப் பற்றியே இக்கேள்வி எழுகின்றது. அதனை ஓட்ட விரும்புவது குற்றமன்று. அதனைக் கற்காமல் ஓட்ட முனைவதே ஆபத்து.

சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். விரைவு வண்டியின் கைபிடி தாழ்ந்திருக்கும். காலூன்றும் இடம் பின்தள்ளி உயர்ந்திருக்கும். ஓட்டுபவர் முன்னே குனிந்து அமர்வார். இவ்வமைப்பினாற் காற்றின் எதிர்ப்புக் குறையும். வளைவுகளில் வண்டியை நன்றாகச் சாய்க்கவும் இயலும். எஞ்சின் விரைவில் வேகமெடுக்கும். பிறேக் கடுமையாகப் பிடிக்கும். சுருங்கக் கூறின், இவ்வண்டி ஓட்டுநரின் சிறு அசைவுக்கும் உடனே பணியும். கை சரியாகச் செய்வதற்குப் பணிவது போலவே, தவறாகச் செய்வதற்கும் அது பணியும். வண்டிக்கு நல்லதும் தீயதும் தெரியாது. ஆகையால், முதலிற் பக்குவப்பட வேண்டியது கையேயாம்.

எத்தகைய வண்டியில் தொடங்குவது? 150 கன சென்ரிமீற்றர் அளவினதான யமஹா ஆர்-15 போன்ற வண்டியின் வலு 20 குதிரை வலுவுக்குக் குறைவு. கவாசாக்கி நிஞ்சா 300 ஏறத்தாழ 39 குதிரை வலு உடையது. 600 கன சென்ரிமீற்றர் வகுப்பைச் சேர்ந்த விரைவு வண்டிகளோ 100 குதிரை வலுவைத் தாண்டுவன. அவற்றின் நிறை அதற்கேற்பப் பெருகுவதுமில்லை. முதலாம் வகுப்பு மாணவனை ஒருவரும் நேரே பல்கலைக்கழகத்தில் அமர்த்துவதில்லை. சிங்கப்பூரில் இவ்வுண்மை சட்டமாகவே உள்ளது. அங்கே முதலில் 200 கன சென்ரிமீற்றர் வரையுள்ள வண்டிக்கே அனுமதி கிடைக்கும். ஓராண்டு கழிந்த பின்னரே 400 வரை செல்லலாம். மேலும் ஓராண்டின் பின்னரே அதற்கு மேற்பட்டவை. ஐரோப்பிய நாடுகளிலும் இடைநிலை அனுமதிப்பத்திரம் பெற்றவர் 35 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 47 குதிரை வலுவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுதல் ஆகாது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் இப்படிமுறையைத் தானே மேற்கொள்பவன் அறிவுடையவன். பூட்டுத் தடுப்பு பிறேக், அதாவது 'ஏபிஎஸ்' பொருத்திய வண்டி கிடைக்குமாயின், அதனையே தெரிந்தெடுத்தல் நன்று. பதற்றத்திற் பிறேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சில்லு சுழலாமற் பூட்டிக்கொள்வதை அது தடுக்கின்றது.

அடுத்தது உடை. தலைக்கவசம் அணிவதால் விபத்தில் மரணமுறும் அபாயம் ஏறத்தாழ 42 வீதமும், தலைக்காயமுறும் அபாயம் ஏறத்தாழ 69 வீதமும் குறைகின்றன என்று 2008ஆம் ஆண்டில் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கையொன்று காட்டுகின்றது. ஆனால், வாரைப் பூட்டாத கவசம் முதல் மோதலிலேயே கழன்றுவிடும். கவசம் தலைக்கு இறுக்கமாகப் பொருந்தி, வார் நாடியின் கீழ்ப் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். விழுபவர் எவரும் இயல்பாகவே கையை நிலத்தில் ஊன்றுவர். ஆதலாற் கையுறை வேண்டும். கணுக்காலை மூடும் சப்பாத்தும் தடித்த மேலங்கியும் வேண்டும். செருப்பும் சாரமும் முற்றத்துக்கு உரியன; இவ்வண்டிக்கு உரியன அல்ல.

இனிப் பாடம் தொடங்கும் இடம். அது வீதியன்று, ஆளில்லாத வெளி. விடுமுறை நாளில் வெறுமையாய்க் கிடக்கும், சீமெந்து அல்லது தார் இட்ட மைதானம் இதற்குப் பொருத்தமானது. முதற் பயிற்சி வேகத்தைப் பற்றியதன்று, கிளச்சைப் பற்றியது. கிளச்சை மெல்ல விடும்போது எஞ்சினின் வலு சில்லைச் சென்றடையத் தொடங்கும் இடம் ஒன்றுண்டு. அந்த இடத்தைக் கை கண்மூடி அறியும்வரை, வண்டியை நடை வேகத்தில் நகர்த்தியும் நிறுத்தியும் பழகுதல் வேண்டும். பின்னர் 8 என்னும் இலக்கத்தின் வடிவிற் சுற்றி வருதல் வேண்டும். விரைவாக ஓட்டுவதைவிட மிக மெதுவாக ஓட்டுவது கடினம் என்பதை மாணவன் அன்றே உணர்வான். முழங்கால்கள் எண்ணெய்த் தாங்கியைப் பற்றியிருத்தல் வேண்டும். உடலின் பாரத்தை இடையும் முதுகும் தாங்க, கைகள் தளர்ந்திருத்தல் வேண்டும். பாரம் மணிக்கட்டில் இறங்கினால், வீதியின் ஒவ்வொரு குலுக்கமும் வலக் கையை அசைத்து, நினையாமலே வேகத்தைக் கூட்டிவிடும்.

இரண்டாம் பயிற்சி நிறுத்துதல். முன் பிறேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. அதனாற் பின் பிறேக்கை மட்டும் மிதித்துப் பழகிவிடுகின்றனர். உண்மை வேறு. வண்டி வேகம் குறையும்போது அதன் பாரம் முன்னே சாய்கின்றது. முன் சில்லு வீதியை மேலும் அழுத்திப் பிடிக்கின்றது. பின் சில்லு இலேசாகின்றது. ஆகவே நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன் பிறேக்குக்கே உரியது. அதனை வெடுக்கென்று இழுத்தல் ஆகாது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் முதலில் மெதுவாகவும், பின் உறுதியாகவும் அழுத்துதல் வேண்டும். 20, 30, 40 கிலோமீற்றர் என வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, நேர்கோட்டில் இதனைப் பழகுதல் வேண்டும்.

வேகத்தின் கணக்கையும் இங்கே அறிதல் நன்று. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 10 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு கை செயற்பட ஒரு விநாடி ஆகுமாயின், பிறேக் பிடிக்குமுன்னரே 10 மீற்றர் கழிந்துவிடும். உலர்ந்த வீதியில் நன்றாகப் பிறேக் பிடித்தால், நிற்க மேலும் ஏறத்தாழ 7 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 17. வேகம் இரட்டித்து 72 ஆனால், கை செயற்படுமுன் 20 மீற்றரும், பிறேக் பிடித்தபின் ஏறத்தாழ 28 மீற்றரும் செல்லும், மொத்தம் 48. வேகம் இரு மடங்கு. பிறேக் பிடித்தபின் ஓடும் தூரமோ நான்கு மடங்கு. பள்ளத்து வீதியில் லோரன்ஸுக்குக் கிடையாமற் போனது இந்தத் தூரமே.

மூன்றாம் பயிற்சி வளைதல். ஆகாயவிமானத்தை அமைத்த ரைட் சகோதரர்கள் துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள். இடப்புறம் எவ்வாறு திரும்புகின்றீர் என வில்பர் ரைட் பலரிடம் வினவியபோது, எவரும் சரியான விடை கூறவில்லையாம். விடை வியப்பானது. ஓடும் வண்டியை இடப்புறம் திருப்ப, இடக் கைபிடியை மெல்ல முன்னே தள்ளுதல் வேண்டும். முன் சில்லு கணநேரம் வலப்புறம் திரும்ப, வண்டி இடப்புறம் சாயும். சாய்ந்த பக்கமே வண்டி வளையும். துவிச்சக்கர வண்டியிலே எல்லோரும் அறியாமற் செய்யும் இதனை, மோட்டார் சைக்கிளில் அறிந்து செய்தல் வேண்டும். அறியாதவன் திடீரென்று விலக வேண்டிய நேரத்திற் செயலற்றுப் போவான்.

ரயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அதன் பிடிப்பு வரையறுத்த கைமுதல் போன்றது. அதனைப் பிறேக்குக்கும் வளைவுக்கும் பங்கிட்டே செலவிடலாம். சாய்ந்து வளைகையில் முழுதும் வளைவுக்கே செலவாகிக்கொண்டிருக்கும்போது பிறேக்கையும் இறுக்கினால், கைமுதல் போதாது; வண்டி வழுக்கும். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுட் சீராகச் சென்று, வெளியேறும்போதே வேகத்தைக் கூட்டுதல் முறை. புதிய ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பானது. முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் வரை மென்மையாகவே ஓட்டுதல் வேண்டும்.

கண்ணுக்கும் ஒரு பாடமுண்டு. கண் செல்லும் இடத்துக்கே வண்டி செல்லும். வளைவிலே மின்கம்பத்தை அஞ்சி அதனையே நோக்குபவன் அதன்மீதே மோதுவான். துரோணர் வைத்த சோதனையில் அருச்சுனன் குறியை அன்றி வேறொன்றையும் காணவில்லை. வளைவில் ஓட்டுபவனும் அவ்வாறே தான் செல்ல வேண்டிய வழியை நோக்குதல் வேண்டும்.

இவை கைவந்த பின்னரே வீதி. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹரி ஹேர்ட் என்பவரும் அவர் குழுவினரும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்கு உள்ளானவரிற் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஐந்து மாதங்களுக்குக் குறைவாகவே ஓட்டியிருந்தனர். 92 வீதத்தினர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ கற்றவர்கள். வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்றைய சாரதியே வழிவிடத் தவறியிருந்தார். அச்சாரதிகள் மோட்டார் சைக்கிளைக் காணாமையே பெருங் காரணம். எனவே சந்தியை அணுகும்போது, 'என்னை அவர் காணவில்லை' என்றே எண்ணி ஓட்டுதல் வேண்டும்.

இலங்கையின் வீதிகளில் இதற்கு மேலும் சில உண்டு. மணல் ஒழுங்கையிலிருந்து தார் வீதியில் ஏறும் இடத்தில் மணல் பரந்து கிடக்கும். நீண்ட வெயிலின் பின் பெய்யும் முதல் மழை வீதியிற் படிந்த எண்ணெயை மிதக்கச் செய்யும். மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். மாடும் நாயும் குறிப்புக் காட்டித் திரும்புவதில்லை. பேருந்தின் முன்னாலிருந்து பள்ளிப் பிள்ளை ஓடி வரலாம். இவற்றை எதிர்பார்க்கப் பழகும்வரை இரவுப் பயணத்தையும், பின்னால் ஒருவரை ஏற்றுவதையும் தவிர்த்தல் நலம். பின்னால் அமர்பவரின் பாரம் பிறேக்கையும் வளைவையும் மாற்றிவிடும். அவருடைய உயிரோ ஓட்டுபவனிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம்.

புதிய ஓட்டுநனுக்கு மிகப் பெரிய ஆபத்து வீதியில் இல்லை. கூட ஓடும் நண்பரின் சிரிப்பில் உள்ளது. முந்திச் செல்லும் நண்பனைப் பார்த்துத் தன் அளவை மறப்பவன், அந்த ஒரு கணத்திற் கற்றதெல்லாம் இழக்கின்றான். பின்தங்கி வருபவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அச்சிரிப்பை மாலைக்குள் மறந்துவிடுவர். படலை திறக்கும் ஓசைக்காகக் காதைத் தீட்டியபடி வீட்டிலே காத்திருப்பவர்களோ, அவன் எத்தனை மணிக்கு வந்தான் என்று கணக்குப் பார்ப்பதில்லை. வந்தான் என்பதே அவர்களுக்குப் போதும்.