ஃபோர்க்குக்குக் கடைசி வரிசை

கியர் சைக்கிள் வாங்கி ஒரு வருடம் ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: “அண்ணே, முன்னாடி ஷாக்கை மாத்திட்டா வண்டி நல்லா ஆயிடுமா?” உட்காருங்கள், டீ வரட்டும். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை இது. சைக்கிளில் காசு போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் நீங்கள் ஷாக் என்கிற முன் ஃபோர்க் ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறது. ஏன் என்பதைச் சொல்லிவிட்டால், மற்றதை நீங்களே முடிவுசெய்துகொள்வீர்கள்.

முன் சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன், பின் சக்கரம் நேராக ஃபிரேமோடு பொருந்தியிருக்கும். இப்படிப்பட்ட மலை சைக்கிளைத்தான் ஹார்ட்டெயில் என்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் எம்டிபி என்று நிற்பவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். பின்னாலும் ஷாக் வைத்த சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதன்பக்கம் போகும். ஆனால் குறைந்த விலைக்குள் அதைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஹப், பிரேக், கியர் என்று எல்லாவற்றிலும் தரத்தைக் குறைத்துத்தான் கொண்டுவர முடியும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஷாக்கே விழுங்கும், எடையும் கூடும், இணைப்புகளில் இருக்கும் பேரிங்குகள் மழைக்காலத்துக்குப் பிறகு கீச்சிடத் தொடங்கும். அதே காசுக்கு ஹார்ட்டெயில் வாங்கினால் ஒவ்வொரு பாகமும் ஒரு படி நல்லதாகக் கிடைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலை சைக்கிள் பிறந்த கதையும் இதையேதான் காட்டுகிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் எக்ஸெல்சியர் ஃபிரேம்களைத் தேடிப் பிடித்தார்கள். தடித்த டயர் போட்ட அந்தக் கனமான சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ‘ரீபேக்’ என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கிற ஹப் பிரேக்தான் அந்த வண்டிகளில். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். அந்தச் சைக்கிள் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேரி ஃபிஷர், டாம் ரிச்சி, சார்லி கெல்லி ஆகியோர் மலை சைக்கிள் செய்வதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். கவனியுங்கள், இந்த வண்டிகள் எதிலும் முன்னாலும் ஷாக் கிடையாது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஃபோர்க் வந்ததே 1980களின் கடைசியில்தான். பத்து வருடத்துக்கு மேல் அந்த இறக்கத்தையெல்லாம் தாங்கியவை தடித்த டயரும் ஓட்டுபவரின் காலும்.

காலைப் பற்றி முதலில் பேசுவோம், அதற்குக் காசு வேண்டாம். கற்களும் வேர்களும் நிறைந்த இறக்கத்தில் சீட்டில் உட்கார்ந்தே இறங்கினால், பின் சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் முதுகுத்தண்டுக்கு வரும், ரிம்முக்கும் போகும். எழுந்து நிற்க வேண்டும். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். ஒரு பெடல் கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், முழங்கை வெளிப்பக்கம் விரியட்டும், எடை முழுவதும் பாதத்தில் இறங்கட்டும். பின் சக்கரம் கல்லில் ஏறும்போது சைக்கிள் உங்கள் கால்களுக்கு நடுவே மேலெழுந்து வரும், உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பயத்தில் பலர் இடுப்பைப் பின் சக்கரத்துக்கு மேலேயே கொண்டுபோய்விடுகிறார்கள். அப்போது முன் சக்கரத்தின் மேல் எடை இல்லாமல் போகும், திருப்பத்தில் அது பிடியில்லாமல் வழுக்கும். செங்குத்தான இடத்தில் மட்டும் பின்னால் போங்கள், மற்ற இடத்தில் நடுவில் நில்லுங்கள். சீட்டை மூன்று நான்கு விரல் அளவு இறக்கிவிட்டால் இதற்கெல்லாம் இடம் கிடைக்கும். ஓட்டிக்கொண்டே பொத்தானை அழுத்திச் சீட்டை இறக்குகிற டிராப்பர் போஸ்ட் கிடைக்கிறது. நல்ல பொருள், ஆனால் விலை அதிகம். வாங்கும்முன் சீட் ட்யூபின் உள்விட்டத்தைப் பாருங்கள்: 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று பல அளவு உண்டு.

இனி டயர். முதல் காசு இங்கேதான் போக வேண்டும். பல நேரம் காசுகூடத் தேவைப்படாது, காற்றைக் குறைத்தாலே போதும். பஞ்சர் கடையில் கட்டையாகக் காற்றடித்துக் கொடுத்தால் நமக்குத் திருப்தியாக இருக்கிறது. தார்ச்சாலைக்கு அது சரி. மண்பாதையில் அந்த டயர் ஒவ்வொரு சிறு கல்லிலும் துள்ளும். துள்ளுகிற டயருக்குத் தரையில் பிடி கிடையாது. 70 கிலோ எடையுள்ளவர், 2.25 அங்குல டயர், உள்ளே ட்யூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 28 பி.எஸ்.ஐ., பின்னால் 31 என்று தொடங்கலாம். பின்னால் சற்றுக் கூடுதலாக வைப்பதற்குக் காரணம், எடையில் அதிகப் பங்கு அங்கே விழுகிறது, உதவிக்கு ஷாக்கும் இல்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டிப் பாருங்கள். ரிம் கல்லில் ‘டங்’ என்று அடித்தால் அதுதான் எல்லை. அங்கிருந்து இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ட்யூபைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும். முள் குத்தினால் ஒரே ஓட்டை இருக்கும். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிய ட்யூபிலோ, பாம்பு கடித்த தடம்போல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு இருக்கும். இந்தத் தொல்லை இல்லாமல் காற்றை இன்னும் குறைக்கத்தான் ட்யூப்லெஸ். ரிம்முக்குள் டேப் ஒட்டி, வால்வு பொருத்தி, டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றுகிறார்கள். சின்ன முள் குத்தினால் திரவமே ஓட்டையை அடைத்துவிடும். அதே 70 கிலோ ஆள் இப்போது முன்னால் 21, பின்னால் 24 என்று ஓட்டலாம். வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே தெரியும். இரண்டு எச்சரிக்கை: ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும், நம் வெயிலில் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், திறந்து பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அகல டயர் வாங்கும்முன் பின்னால் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியாவது மிஞ்சுமா என்று பாருங்கள். ஈரக் களிமண் ஒட்டினால் அந்த இடைவெளிதான் சக்கரத்தைச் சுற்றவிடும்.

அடுத்தது உங்கள் உடம்பு சைக்கிளைத் தொடுகிற இடங்கள். பிளாஸ்டிக் பெடலைத் தூக்கிப்போட்டுவிட்டு, பின்கள் வைத்த அகலமான பெடல் போடுங்கள். நின்று ஓட்டுகிறவருக்கு இதைப்போல் உடனடிப் பலன் தருவது வேறில்லை. இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்தால் கிராங்க் பாழாகும். ஸ்டெம் 90 மி.மீ. நீளமாக இருந்தால் 60க்கு வாருங்கள். கூடவே ஹேண்டில்பாரை 740 மி.மீ. அளவுக்கு அகலமாக்கினால் கைப்பிடி நிதானப்படும். பார் பிடிக்கும் இடத்தின் விட்டம் பழைய சைக்கிளில் 25.4, புதியவற்றில் பெரும்பாலும் 31.8 மி.மீ.; அளவு மாறினால் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பிரேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேபிள் டிஸ்க்கில் நல்ல கேபிளும் பேடும் போட்டுப் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் ஹைட்ராலிக் போகலாம். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் திரவம் ஊற்றக் கூடாது, சீல் கெட்டுவிடும்.

கியரில்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. முன்னால் மூன்று தட்டு, பின்னால் எட்டு என்று இருப்பதை மாற்றி, முன்னால் ஒரே தட்டாக ஆக்குவது இன்றைய வழக்கம். செயின் கழன்று விழுவது குறையும், இடது கை ஷிஃப்டர் போய்விடும். ஆனால் ஏற்றத்துக்கான கியரை இழக்கிறோமா என்று பாருங்கள். பழைய ஏற்பாட்டில் மிக லேசான கியர் முன்னால் 22 பல், பின்னால் 34, வகுத்தால் 0.65. முன்னால் 32 பல் ஒற்றைத் தட்டு, பின்னால் 42 போட்டால் 0.76, கோத்தகிரிச் சாலையில் ஏறும்போது இந்த வித்தியாசத்தைத் தொடை சொல்லும். 30க்கு 46 போட்டால் பழைய 0.65 திரும்பக் கிடைக்கும். இழப்பது மறுமுனையில்: பழைய பெரிய முன் தட்டின் 42க்கு 11 தந்த வேகம் 30க்கு 11இல் வராது. மண்பாதைக்கு அது வேண்டாம், தினமும் சாலையில் பறக்கிறவருக்கு வேண்டும்.

இந்தக் கியர் பாகங்களை வாங்குவதற்கு முன் பின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். விலை குறைந்த சைக்கிள்களில் பல்சக்கரக் கொத்து ஹப்பின் மேல் மரையாகத் திருகப்பட்டிருக்கும், அதுதான் ஃப்ரீவீல். இந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்ஸிலின் நுனி தாங்கலில்லாமல் நிற்கிறது, பாறையில் குதித்தால் வளைகிறது. கொத்தைத் திருகாமல் செருகுகிற கேசட் வகை ஹப்பில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடும். ஆகவே ஃப்ரீவீல் வண்டியில் கியர் மாற்றுவது என்றால் முதலில் நல்ல ஹப்பில் சக்கரம் கட்ட வேண்டும். ஸ்போக் இழுத்துக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இப்போது ஃபோர்க். நீளமானதாகப் போட்டால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 20 மி.மீ. நீளம் கூடினால் முன்பக்கம் உயர்ந்து, ஹேண்டில் நிற்கும் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி சாய்கிறது. இறக்கத்தில் அது நிதானம் தரும், ஆனால் சீட்டும் அதே அளவு பின்னால் சாயும், ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும். 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்காகச் செய்த ஃபிரேமில் 140 போட்டால் முன் கழுத்து வெல்டிங்கின் மேல் நெம்புகோல் விசை ஏறும். அங்கேதான் விரிசல் விடும். ஹார்ட்டெயிலுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. ஃபோர்க் அமுங்கும்போது பின்பக்கம் கூடவே இறங்குவதில்லை. முன்பக்கம் மட்டும் தாழ்வதால் கோணம் செங்குத்தாகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் இது நடக்கிறது. எனவே நீளத்தைவிட, அனாவசியமாக அமுங்காத ஃபோர்க்கே முக்கியம்.

இருக்கிற ஃபோர்க்கை முதலில் சோதியுங்கள். உள்ளே போகிற பளபளப்பான குழாயில் ஒரு ஜிப் டையைத் தளர்வாகக் கட்டி, அடிவரை தள்ளிவிடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலில் நின்று, மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் டை 20 மி.மீ. மேலே போயிருந்தால் சரி. காற்று ஃபோர்க் என்றால் பம்ப் அடித்துச் சரிசெய்யலாம். கம்பிச்சுருள் ஃபோர்க்கில் மேலே இருக்கும் திருகு சுருளை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கும், அதன் வலுவை மாற்றாது. ஆளின் எடைக்கு ஒத்துவராத சுருளை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒத்துவராது.

இத்தனைக்கும் பிறகு ஃபோர்க் அடிவரை போய் முட்டுகிறது என்றால், மாற்றலாம். ஸ்டியரர் குழாய் நேரா, கீழே பருத்ததா. ஆக்ஸில் 9 மி.மீ. குவிக் ரிலீஸா, 15 மி.மீ. த்ரூ ஆக்ஸிலா, உங்கள் சக்கர அளவுக்கானதா, நீளம் ஃபிரேமுக்கு ஏற்றதா. இந்த நான்கும் பொருந்தினால் வாங்குங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் ஃபோர்க்குக்கு வைத்திருந்த காசைப் பத்திரமாக வையுங்கள். பழைய சைக்கிளை விற்கும்போது பெடலையும் கிரிப்பையும், சக்கர அளவு ஒத்துவந்தால் டயரையும் கழற்றி எடுத்துக்கொண்டு, நல்ல ஃபோர்க்கோடு வருகிற ஒரு ஹார்ட்டெயிலைத் தேடுங்கள்.