தாத்தா செய்யும் சிறு தேர்

பேரனுக்கோ பேத்திக்கோ ஆண்டு நிறைவு நெருங்குகிறது என்றால், வீட்டில் ஆலோசனை பலமாக நடக்கிறது. வெள்ளிக் கிண்ணமா, தங்கக் காப்பா, பட்டுச் சட்டையா என்று பெண்மணிகள் விவாதிக்கிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அவருடைய கைகளுக்கு ஓர் அருமையான வேலை காத்திருக்கிறது என்று நாம் நினைவூட்ட விரும்புகிறோம். குழந்தைக்கு ஒரு நடைவண்டியை அவரே செய்து தரலாம்.

இது புதிய யோசனையன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறு தேரை உருட்டுகிறார்கள். அப்புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி அழகாகச் செய்த சிறு தேர் ஒன்று வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்கே சிறுதேர்ப் பருவம் என்று பெயர். நம் நடைவண்டிக்கும் சக்கரங்கள் மூன்றே.

இக்காலத்தில் குழந்தையை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் சக்கரங்கள் ஓடும் 'வாக்கர்' பல வீடுகளில் காணப்படுகிறது. அது குழந்தையை விரைவில் நடக்கச் செய்வதில்லை என்றும், நடையைத் தாமதப்படுத்தவும் கூடும் என்றும் குழந்தை வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். அதில் உருண்டோடிப் படிக்கட்டில் விழுந்து மண்டையில் அடிபட்ட குழந்தைகள் பலர். இதனாலேயே கானடா தேசம் 2004-ல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நடைவண்டியிலோ குழந்தை தன் காலில் நின்று, தன் பலத்தால் தள்ளி, தானே அடியெடுத்து வைக்கிறது. ஆயினும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். தேக்கு, வேம்பு, பூவரசு இவற்றில் ஏதேனும் ஒன்று, நன்றாக உலர்ந்ததாக இருக்கவேண்டும். உருண்டைக் கட்டையைக் குறுக்கே அறுத்துச் சக்கரம் செய்யலாகாது. உலரும் மரம் ஆரத்தின் போக்கில் சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் அதிகமாகச் சுருங்கும். ஆகவே வட்டம் நடுவரை வெடித்துவிடும். பலகையிலிருந்தே வட்டத்தை அறுக்கவேண்டும். சக்கரம் அச்சில் சற்று இறுக்கமாகச் சுழலட்டும்; எளிதில் ஓடும் வண்டி குழந்தையை முந்திக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடும். ஆணிக்குப் பதிலாகத் துளையும் நாக்குமாகப் பொருத்துவது உத்தமம். பழக்கமில்லாதவர்கள் ஊர்த் தச்சரை அண்டி, உளி பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

விளிம்புகளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்தாலும் உறுத்தாதபடி மழுக்கவேண்டும். கழன்று வாய்க்குள் போகக்கூடிய மணியோ குமிழோ வேண்டாம்.

வர்ணத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. குழந்தை முதலில் சோதிப்பது வாயால் அன்றோ! காரீயம் கலந்த வர்ணம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் பிறந்து, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை ஆகவே தொடவேண்டாம். மரத்தை வெறுமனே விட்டாலும் அழகுதான். கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் சுழலும் மரத்தின்மேல் வர்ண அரக்கை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது. அத்தகைய கடைசல்காரர் அருகில் இருந்தால் சக்கரங்களுக்கு அவரிடம் மெருகேற்றலாம்.

கடைச் சாமான் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. தாத்தாவோ குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து மார்புக்குச் சற்றுக் கீழ்வரை ஒரு நூலால் அளந்து, கைப்பிடியை அந்த உயரத்தில் பொருத்துகிறார். அந்த நூலளவு வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. பள்ளியில் குழந்தைகளோடு பல ஆண்டுகள் பழகிய அனுபவத்தால் ஒன்று சொல்வோம்: தனக்கென்று ஒருவர் உட்கார்ந்து செய்த பொருளைக் குழந்தை எளிதில் உடைப்பதில்லை, தம்பிக்கும் தங்கைக்கும் பத்திரமாக வைத்துக் கொடுக்கிறது.

குழந்தை சொந்தக் காலில் முதல் அடி வைக்கும் நாளில், அதன் கைப்பிடியில் இருப்பது தாத்தா இழைத்த மரமாக இருக்கட்டும்.