பேஜ்மேக்கர் தாத்தா எழுந்திருப்பாரா?

வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய்ச் சரக்கு ஐந்தே வருஷத்தில் எட்டு ரூபாய்க்கு வந்துவிடுகிறது! அப்படியானால் 2001-ல் வந்த 'பேஜ்மேக்கர் 7'-க்கு இன்றைக்கு என்ன மதிப்பு? காலணா தேறாது.

ஆனால், தேறாத அந்தத் தாத்தாதான் பல சின்ன அச்சகங்களில் இன்னமும் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி... எல்லாம் அவர் கைராசி! 1985-ல் ஆல்டஸ் கம்பெனியில் பிறந்து, 1994-ல் அடோபிக்குத் தத்துப் போனவர். 7-க்குப் பிறகு வாரிசு இல்லை.

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பராமரிப்பை நிறுத்தியது. பாரிவாக்கம் பக்கம் ஒரு அச்சகத்தில், 'எதுக்கு வம்பு' என்று விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். தாத்தா படுத்துவிட்டார்.

"பெரியவன் கல்யாணத்துக்கு அடிச்ச அதே பத்திரிகை, பேரை மட்டும் மாத்திக் குடுங்கன்னு வர்றாங்க ஸார். ஃபைல் இருக்கு. திறக்கத்தான் வழியில்லே!" என்றார் உரிமையாளர்.

ஏன் இப்படி? விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். தொண்ணூறுகளில் வந்த பல சாஃப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்யும் புரோகிராம் 16 பிட். அந்தப் பாஷை இதற்குத் தெரியாது. அது போக, சில தமிழ் எழுத்துரு பாக்கேஜ்களுக்குக் கம்ப்யூட்டரின் முதுகில் 'லாக்' ஒன்றைச் செருக வேண்டும். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பிரிண்டர் போர்ட்டே கிடையாது. பூட்டு இருக்கிறது, கதவைக் காணோம்!

வைத்தியம் உண்டு. முதலில் கை வைத்தியம். புரோகிராம் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய் விண்டோஸ் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கட்டத்திலும் டிக் போடுங்கள். பல நேரம் இதிலேயே தாத்தா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கேட்கவில்லையா? 'விர்ச்சுவல்பாக்ஸ்' மாதிரி ஒரு சாஃப்ட்வேர் மூலம் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரைக் குடிவைக்கலாம். வீட்டுக்குள் வீடு! எக்ஸ்பிக்குப் பராமரிப்பு நின்றது 2014-ல். ஆகவே அந்த உள்வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள்.

ஆனால் இதெல்லாம் குளுகோஸ் ஏற்றுகிற வேலைதான். நிஜ ஆபத்து ஃபைலுக்குள் இருக்கிறது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தவை. 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'. எழுத்துரு போனால் அம்மாவும் போச்சு! ஊர்க் கோயில் மலர், பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலர் என்று எத்தனை ஊர்ச் சரித்திரம் இப்படி வாடகை வீட்டில் கிடக்கிறதோ?

எனவே, தாத்தா எழுந்த அன்றைக்கே மேட்டரை வெளியே எடுங்கள். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை புரூஃப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். பக்க அமைப்பும் வேண்டுமென்றால், 2012-ல் வந்த 'இன்டிசைன் சிஎஸ்6' வரை பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறக்காது. பழைய எழுத்துருக்களையும் மறக்காமல் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

தாத்தா நினைவோடு இருக்கும்போதே பத்திரம் எங்கே என்று கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலிப் பேரனுக்கு அழகு. அப்புறம் பரணில் தேடிப் பிரயோஜனமில்லை!